தென்னையில் தேள் கொட்டினால்...

1973ஆம் ஆண்டு ஒக்டோபர் யுத்தம் உலகுக்குக் கற்பித்த பாடம்



ஒரு போத்தல் மண்ணெண்ணெயின் விலையைத் தீர்மானிப்பவர் யார்? கடை முதலாளி என்று சிறு பிள்ளை சொல்லும். அரசாங்கம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இரண்டு விடையிலும் உண்மை உண்டு. ஆயினும் முழு உண்மை இல்லை. நாம் கண்டிராத ஒரு பாலைவனத்தில், நம்மை அறியாத இரு சேனைகள் மோதிக்கொள்ளும்போது அந்தப் போத்தலின் விலையும் அசைகிறது. தென்னை மரத்தில் தேள் கொட்டினால் பனை மரத்தில் நெறி கட்டும் என்பது நம் முன்னோர் வேடிக்கையாகச் சொன்ன பழமொழி. உலகம் எண்ணெயை நம்பி வாழத் தொடங்கிய பின்னர் அது வேடிக்கையாக இல்லை.

செங்கடல், ஹோர்மூஸ் நீரிணை, உக்ரேன் என்னும் பெயர்கள் இந்நாட்களில் செய்திகளில் அடிக்கடி வருகின்றன. அவற்றை விளங்கிக்கொள்வதற்கு ஏற்ற பாடநூல் ஒன்று வரலாற்றில் இருக்கிறது. அதுவே 1973ஆம் ஆண்டில் மத்திய கிழக்கில் மூண்ட ஒக்டோபர் யுத்தம். மூன்று வாரத்துக்குள் அடங்கிவிட்ட அந்த யுத்தம், நாடுகளின் நட்பையும் பகையையும் மாற்றியது. உலக வர்த்தகத்தின் கணக்கை மாற்றியது. எரிபொருளைப் பற்றி அரசாங்கங்கள் சிந்தித்த முறையையும் மாற்றியது. அதன் சுமையில் ஒரு பங்கு நம் நாட்டிலும் வந்து இறங்கியது. அது எப்படி நடந்தது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

கால்வாய் அடைபட்ட கதை

மத்தியதரைக் கடலையும் செங்கடலையும் இணைக்கும் சுயஸ் கால்வாய் 1869ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் ஐரோப்பாவிலிருந்து கீழைத்தேசம் வரும் கப்பல்கள் ஆபிரிக்காக் கண்டத்தையே சுற்றி, நன்னம்பிக்கை முனை வழியாக வரவேண்டியிருந்தன. 1956இல் எகிப்திய ஜனாதிபதி நாசர் கால்வாயைத் தேசியமயமாக்கினார். சில மாதங்களில் பிரித்தானியா, பிரான்சு, இஸ்ரேல் ஆகிய மூன்றும் எகிப்தின்மீது படையெடுத்தன. ஆனால் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் எதிர்த்து நிற்கவே அவை பின்வாங்க நேர்ந்தது. பழைய ஐரோப்பிய சாம்ராச்சியங்களின் காலம் முடிந்து, இரு வல்லரசுகளின் காலம் வந்துவிட்டது என்பதை உலகம் அன்று கண்டுகொண்டது.

1967 ஜூன் மாதம் நடந்த ஆறு நாள் யுத்தத்தில் இஸ்ரேல் எகிப்திடமிருந்து சீனாய்ப் பாலைவனத்தையும் காசாவையும், ஜோர்தானிடமிருந்து யோர்தான் ஆற்றின் மேற்குக் கரையையும் கிழக்கு எருசலேமையும், சிரியாவிடமிருந்து கோலான் குன்றுகளையும் கைப்பற்றியது. கால்வாயின் கிழக்குக் கரையில் இஸ்ரேலியச் சேனை, மேற்குக் கரையில் எகிப்தியச் சேனை. நடுவே கால்வாய் எட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்தது.

யுத்தம் மூண்ட வேளையில் கால்வாய் வழியே சென்றுகொண்டிருந்த 14 வர்த்தகக் கப்பல்கள் பெரும் கசப்பு ஏரி எனப்படும் இடத்தில் அகப்பட்டுக்கொண்டன. அவை பிரித்தானியா, ஜேர்மனி, சுவீடன், போலந்து எனப் பல நாடுகளைச் சேர்ந்தவை. பாலைவன மணல் படிந்து மஞ்சள் நிறமாகிப் போனதால் அவற்றுக்கு மஞ்சள் கப்பற்படை என்ற பெயர் உண்டாயிற்று. மாலுமிகள் முறை மாறி முறை வந்து காவலிருந்தனர்; பொழுதுபோகாமல் தமக்கென்று தபால் முத்திரைகளும் செய்துகொண்டனர். 1975இல் கால்வாய் மறுபடி திறந்தபோது சொந்த இயந்திர பலத்தில் தாய்நாடு திரும்பியவை இரண்டு ஜேர்மன் கப்பல்கள் மட்டுமே. யாருடைய சண்டையிலும் பங்குபற்றாத கப்பல்களுக்கு நேர்ந்த கதி இது.

கால்வாய் மூடப்பட்டபடியால் பாரசீக வளைகுடாவிலிருந்து ஐரோப்பாவுக்கு எண்ணெய் கொண்டு செல்லும் கப்பல்கள் மீண்டும் ஆபிரிக்காவைச் சுற்றிச் செல்லவேண்டி வந்தது. நெடுந்தூரப் பயணம் கட்டுபடியாக வேண்டுமானால் ஒரே தடவையில் அதிக எண்ணெய் ஏற்றவேண்டும். ஆகவே இராட்சத எண்ணெய்க் கப்பல்கள் மேன்மேலும் கட்டப்பட்டன. ஓர் எல்லைத் தகராறு உலகின் கப்பல் கட்டும் தொழிலையே வேறு திசையில் திருப்பிவிட்டது.

1973 ஒக்டோபர் 6

அன்று யூதர்களுக்கு யோம் கிப்பூர் என்னும் பாவப் பரிகாரத் திருநாள். முஸ்லிம்களுக்கு றமழான் நோன்பு மாதம். அன்று பிற்பகல் எகிப்தியச் சேனை கால்வாயைக் கடந்து சீனாயில் புகுந்தது. அதே வேளையில் சிரியச் சேனை கோலானில் முன்னேறியது. எகிப்திய ஜனாதிபதி அன்வர் சதாத்தின் நோக்கம் இஸ்ரேலை முற்றாக அழிப்பதன்று. ஆறு ஆண்டுகளாக அசையாமல் கிடந்த நிலைமையை அசைத்து, வல்லரசுகளைப் பேச்சுவார்த்தை மேசைக்கு இழுப்பதே அவருடைய கணக்கு.

சோவியத் ஒன்றியம் எகிப்துக்கும் சிரியாவுக்கும் ஆயுதம் அனுப்பியது. அமெரிக்கா இஸ்ரேலுக்கு விமானங்களில் ஆயுதம் அனுப்பியது. முதலில் பின்தள்ளப்பட்ட இஸ்ரேல் பின்னர் கால்வாயைக் கடந்து எகிப்தின் மூன்றாவது சேனையைச் சுற்றி வளைத்தது. ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை ஒக்டோபர் 22இல் 338ஆவது தீர்மானத்தின் மூலம் யுத்த நிறுத்தம் கோரியது. 25ஆம் திகதி அமெரிக்கா தன் படைகளை உலகெங்கும் உசார் நிலையில் வைத்தது. அணுவாயுதம் வைத்திருந்த இரு வல்லரசுகளும் நேருக்கு நேர் மோதும் அபாயம் அன்று கிட்ட வந்து விலகியது.

இஸ்ரேலின் பக்கத்தில் 2,600க்கு மேற்பட்ட போர்வீரர்கள் மாண்டனர். எகிப்து, சிரியா பக்கத்தில் மாண்டோர் தொகை அதைவிடப் பல மடங்கு அதிகம். விலைவாசியையும் எண்ணெயையும் பற்றி மேலே பேசப்போகிறோம். அதற்கு முன் இந்த உயிர்களை நினைவிற் கொள்வது முறையாகும்.

எண்ணெய் ஆயுதமாகிறது

அந்த ஒக்டோபரில் எண்ணெய் சம்பந்தமாக எடுக்கப்பட்ட தீர்மானங்கள் இரண்டு. பலர் இவை இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். பிரித்து அறிவது அவசியம்.

முதலாவது, விலையைப் பற்றியது. ஒக்டோபர் 16இல் ஒபெக் ஸ்தாபனத்தைச் சேர்ந்த வளைகுடா நாடுகள் ஆறு குவைத்தில் கூடி, மசகு எண்ணெயின் அறிவிக்கப்பட்ட விலையைப் பீப்பாய் ஒன்றுக்கு ஏறத்தாழ 3 டொலரிலிருந்து 5 டொலருக்கு மேலாக உயர்த்தின. அதுவரை விலையை மேலைநாட்டு எண்ணெய்க் கம்பனிகளுடன் பேரம் பேசியே நிர்ணயித்து வந்தனர். அன்றோ எண்ணெய்க்கு உடையவர்கள் தாமாகவே விலை கூறினர். இதில் அரபு நாடு அல்லாத ஈரானும் சேர்ந்திருந்தது.

இரண்டாவது, யுத்தத்தைப் பற்றியது. மறுநாள் அரபு எண்ணெய் அமைச்சர்கள் கூடி, இஸ்ரேல் கைப்பற்றிய நிலங்களை விட்டு விலகும்வரை மாதந்தோறும் உற்பத்தியை 5 வீதம் குறைப்பதென்று தீர்மானித்தனர். ஒக்டோபர் 19இல் அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் இஸ்ரேலுக்கு 220 கோடி டொலர் உதவி வழங்கும்படி காங்கிரசைக் கேட்டார். மறுநாளே மன்னர் பைசாலின் சவூதி அரேபியா அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தியது. ஒல்லாந்துக்கும் தடை விதிக்கப்பட்டது.

1967 யுத்தத்தின்போதும் அரபு நாடுகள் இப்படியொரு தடையை முயன்று தோற்றிருந்தன. 1973இல் மட்டும் அது பலித்தது ஏன்? 1967இல் அமெரிக்காவின் சொந்தக் கிணறுகளில் மேலதிகமாக எண்ணெய் எடுக்கும் வசதி இருந்தது. குறை நேர்ந்த நாடுகளுக்கு அங்கிருந்து அனுப்பினார்கள். 1970இல் அமெரிக்க உற்பத்தி உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கியது. அமெரிக்காவே வெளியிலிருந்து மேன்மேலும் வாங்கும் நாடாயிற்று. கைவசம் இருப்பு இல்லாதவனை மிரட்டுவது எளிது.

இனி ஒரு விடயத்தைக் கவனியுங்கள். தடை விதிக்கப்பட்டது சில நாடுகளுக்குத்தான்; ஆனால் தட்டுப்பாடு எல்லா நாடுகளுக்கும் பரவியது. எண்ணெய்க் கம்பனிகள் அரபு எண்ணெயை வேறு இடங்களுக்குத் திருப்பிவிட்டு, ஈரான் முதலிய நாடுகளின் எண்ணெயை அமெரிக்காவுக்கும் ஒல்லாந்துக்கும் அனுப்பின. கடலில் ஓடும் கப்பலுக்குத் திசை மாற்றுவது பெரிய காரியமன்று. உண்மையில் உலகை வருத்தியது அமெரிக்காமீது விதித்த தடையைவிட, மொத்த உற்பத்தியைக் குறைத்ததே.

குறைந்தது சிறு பங்கு. விலை ஏறியதோ பல மடங்கு. இது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். ஓர் ஒழுங்கையில் பத்து வீடுகள் உண்டென்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஒரு போத்தலாகப் பத்துப் போத்தல் மண்ணெண்ணெய் வேண்டும். கடையிலோ ஒன்பது போத்தல்தான் இருக்கிறது. குறைவது பத்தில் ஒன்று மாத்திரம். ஆனால் அந்தக் குறை நம் வீட்டுக்கு வந்துவிடுமோ என்று பத்து வீட்டாரும் அஞ்சுகிறார்கள். வசதியுள்ளவர் இரண்டு போத்தல் வாங்கிப் பதுக்குகிறார். விளக்கில்லாமல் இருக்க முடியாதென்பதால் மற்றவர்கள் எந்த விலைக்கும் வாங்க முன்வருகிறார்கள். மாலையாவதற்குள் விலை இரட்டிப்பாகிறது. 1973 டிசெம்பரில் ஈரான் ஒரு தொகை எண்ணெயை ஏலத்தில் விட்டபோது பீப்பாய்க்கு 17 டொலர் வரை கேட்டவர்கள் இருந்தார்கள். அந்த அச்சத்தைக் கண்ட ஒபெக் நாடுகள், 1974 ஜனவரி முதலாந் திகதியிலிருந்து விலை 11.65 டொலர் என்று தெஹ்ரானில் அறிவித்தன. மூன்று மாதத்துக்குள் ஏறத்தாழ நான்கு மடங்கு!

அமெரிக்காமீதான தடை 1974 மார்ச் 18இல் நீக்கப்பட்டது. விலை மாத்திரம் பழைய இடத்துக்குத் திரும்பவேயில்லை.

மாறிய நட்புகள்

விலை ஏறுமுன்னரே இராஜதந்திரம் அசையத் தொடங்கிவிட்டது. 1973 நவம்பர் 6இல் ஐரோப்பியச் சமூகத்தின் ஒன்பது நாடுகளும், இஸ்ரேல் 1967இல் பிடித்த நிலங்களை விட்டு விலகவேண்டும், பாலஸ்தீனரின் நியாயமான உரிமைகள் கவனிக்கப்படவேண்டும் என்று கூட்டறிக்கை விடுத்தன. தேவையான எண்ணெய் ஏறத்தாழ அனைத்தையும் வெளியிலிருந்தே பெற்றுவந்த யப்பான், அதுவரை அமெரிக்காவின் சொல்லைத் தாண்டாத யப்பான், நவம்பர் 22இல் அரபு நாடுகளுக்குச் சார்பாக அறிக்கை விட்டது. டிசெம்பரில் அதன் உதவிப் பிரதமர் மிக்கி அரபுத் தலைநகரங்களுக்கு நேரில் சென்றார். அம்மாதம் முடியுமுன்னரே யப்பான் நட்பு நாடுகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சகாராவுக்குத் தெற்கேயுள்ள பெரும்பாலான ஆபிரிக்க நாடுகளும் அந்த ஆண்டு முடிவதற்குள் இஸ்ரேலுடன் இராஜதந்திர உறவை முறித்துக்கொண்டன.

இந்த நாடுகள் நியாயத்தை எண்ணிப் பேசினவா, எண்ணெயை எண்ணிப் பேசினவா? இரண்டும் கலந்திருந்தன என்பதே நேர்மையான விடை. பாலஸ்தீன மக்களின் துயரம் 1973க்கு முன்னரும் இருந்தது. ஒன்பது நாடுகளும் அதை ஒரே குரலில் சொல்வதற்கு ஒரு குளிர்காலத் தட்டுப்பாடு வேண்டியிருந்தது.

மறுபுறத்தில், சதாத் போட்ட கணக்கும் பலித்தது. அமெரிக்க இராஜாங்கச் செயலாளர் ஹென்றி கிசிங்கர் கெய்ரோவுக்கும் எருசலேமுக்கும் திமிஷ்குவுக்கும் இடையே விமானத்தில் போவதும் வருவதுமாக இருந்தார். 1974 ஜனவரியில் எகிப்துடனும் மே மாதத்தில் சிரியாவுடனும் படைகளை விலக்கும் உடன்பாடுகள் எட்டப்பட்டன. சோவியத் அணியில் நின்ற எகிப்து அமெரிக்காவின் பக்கம் சாய்ந்தது. 1975 ஜூன் 5இல் கால்வாய் திறக்கப்பட்டது. 1978இல் காம்ப் டேவிட் உடன்பாடும், 1979 மார்ச் 26இல் எகிப்து - இஸ்ரேல் சமாதான உடன்படிக்கையும் கைச்சாத்தாயின. எகிப்துக்கு சீனாய் கிடைத்தது. பாலஸ்தீனரின் பிரச்சினையோ தீராமல் நின்றது. பின்வந்த பல யுத்தங்களுக்கு அதுவே வித்தாயிற்று.

செல்வரின் கஷ்டமும் ஏழைகளின் கஷ்டமும்

தட்டுப்பாடு வந்தபோது செல்வந்த நாடுகளும் தடுமாறின. ஒல்லாந்திலும் மேற்கு ஜேர்மனியிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் வாகனம் ஓட்டுவது தடைசெய்யப்பட்டது; பெருந்தெருக்களில் மக்கள் சைக்கிளில் சென்றனர். எண்ணெய் நெருக்கடியுடன் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் போராட்டமும் சேர்ந்துகொண்டதால் பிரித்தானியாவில் தொழிற்சாலைகள் வாரத்தில் மூன்று நாட்கள் மாத்திரமே இயங்கின. அமெரிக்காவில் பெற்றோல் நிலையங்களின் முன்னால் நீண்ட வரிசைகள் காணப்பட்டன.

ஆனால் அவர்களுக்குத் தப்பும் வழிகள் இருந்தன. எண்ணெய்க்காகச் சென்ற டொலர்கள் வேறு வழியில் அவர்களிடமே திரும்பின. வளைகுடா நாடுகள் அவர்களுடைய இயந்திரங்களையும் ஆயுதங்களையும் வாங்கின. மிஞ்சிய பணத்தை அவர்களுடைய வங்கிகளிலே வைப்பிலிட்டன. அந்த வங்கிகள் அதே பணத்தை எண்ணெய் வாங்கக் காசில்லாத நாடுகளுக்கு வட்டிக்குக் கொடுத்தன. வட்டி வீதம் ஏறியபோது கடன்பட்ட நாடுகள் மூச்சுத் திணறின. 1982 ஓகஸ்டில் மெக்சிகோ கடனைக் கட்ட முடியாதென்று கைவிரித்ததும், அதைத் தொடர்ந்து இலத்தீன் அமெரிக்கா முழுவதையும் கடன் நெருக்கடி பற்றிக்கொண்டதும் இந்தச் சங்கிலியின் பின்வந்த கண்ணிகள்.

எண்ணெயும் இல்லாத, ஏற்றுமதி செய்ய இயந்திரமும் இல்லாத ஏழை நாடுகளின் நிலை என்ன? எண்ணெய் விலை எரிபொருளோடு நின்றுவிடுவதில்லை. யூரியா பசளை இயற்கை வாயுவிலிருந்தோ எண்ணெயிலிருந்து பெறும் பொருளிலிருந்தோ செய்யப்படுகிறது. அதன் விலை பல மடங்கு ஏறியது. பசளை விலை ஏற நெல்லின் செலவு ஏறியது. உலகச் சந்தையில் கோதுமையும் அரிசியும் ஏற்கெனவே விலை ஏறியிருந்த காலம் அது. கப்பற் கூலியும் ஏறியது. 1974இல் ஐக்கிய நாடுகள் சபை, இந்த நெருக்கடியால் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட நாடுகள் என்று ஒரு பட்டியலை வகுத்தது. இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம் ஆகியவற்றுடன் இலங்கையும் அதில் இருந்தது.

அக்காலத்தை அனுபவித்த மூத்தோர் நம் குடும்பங்களில் இன்னமும் இருக்கிறார்கள். கூப்பன் அரிசி குறைக்கப்பட்டதையும், பாணுக்கு விடியுமுன் வரிசையில் நின்றதையும், மரவள்ளிக்கிழங்கே மதிய உணவானதையும் அவர்களிடம் கேட்டறியலாம். குடாநாட்டிலே மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை போன காலமாயினும், தோட்டத்துக்கு நீர் இறைக்கும் இயந்திரத்துக்கு ஊற்றும் மண்ணெண்ணெயின் விலை கமக்காரனை நெருக்கியது. எல்லோரிலும் அதிகமாக அடிபட்டவர்கள் மலையகத் தோட்டத் தொழிலாளர்கள். சொந்த நிலமில்லை, காய்கறி பயிரிடக் காணியில்லை, கூலியோ அற்பம், பங்கீட்டு மாவும் அரிசியும் குறைந்தபோது பதிலுக்கு உண்ண ஒன்றுமில்லை. 1974இல் தோட்டப் பகுதிகளின் மரண விகிதம் முந்திய ஆண்டுகளைவிட வெகுவாக உயர்ந்தது.

இதற்கு சீனாய் யுத்தமே முழுக் காரணம் என்று சொன்னால் அது பொய்யாகும். வரட்சி இருந்தது, அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு முன்னரே இருந்தது, தோட்டத் தொழிலாளரை நாட்டவராக எண்ணாத அரசியலும் இருந்தது. தூரத்து யுத்தம் புதிய நோயை உண்டாக்குவதைவிட, இருக்கும் நோயை முற்றவைக்கிறது. ஏற்கெனவே நலிந்திருப்பவன்மீதே அது முதலில் விழுகிறது.

இருப்பு வைத்தவர்கள்

எரிசக்திப் பாதுகாப்பு என்ற எண்ணம் அரசாங்கங்களின் முதல் வரிசைக்கு வந்தது அந்த ஆண்டிற்குப் பின்னர்தான். 1974 நவம்பரில் எண்ணெய் வாங்கும் செல்வந்த நாடுகள் பாரிசைத் தலைமையிடமாகக் கொண்டு சர்வதேச எரிசக்தி முகவர் நிலையத்தை அமைத்தன. ஒவ்வோர் அங்கத்துவ நாடும் 90 நாள் நிகர இறக்குமதிக்குச் சமமான எண்ணெயை இருப்பில் வைத்திருக்கவேண்டும் என்பது அதன் விதி. அமெரிக்கா மெக்சிகோ வளைகுடாக் கரையோரத்தில் நிலத்தடி உப்புப் பாறைகளைக் குடைந்து பெருங் களஞ்சியம் அமைத்தது. பிரான்சு 1974 மார்ச்சில் அணுசக்தி மின் நிலையங்களைப் பெருமளவில் கட்டத் தீர்மானித்தது. பிரித்தானியா வட கடலிலிருந்து எண்ணெய் எடுத்தது. பிரேசில் 1975இல் கரும்பிலிருந்து மதுசாரம் வடித்து மோட்டார் வாகனங்களுக்கு ஊற்றும் திட்டத்தைத் தொடங்கியது.

இவையெல்லாம் பெரு முதல் தேவைப்படும் காரியங்கள். 90 நாள் எண்ணெயை வாங்கிச் சும்மா வைத்திருக்க, 90 நாள் பணத்தை முடக்கிவைக்கும் வல்லமை வேண்டும். கையிலுள்ள டொலரை அடுத்த கப்பலுக்கே எண்ணிக் கொடுக்கும் நாட்டால் அது எப்படி முடியும்? ஆகவே அடுத்த நெருக்கடியிலும் அவர்களுக்குக் குடை இருந்தது, ஏனையோர் நனைந்தனர்.

நம் நாட்டவர் கண்ட வழி வேறு. எண்ணெய்ப் பணத்தால் வளைகுடா நாடுகளில் வீதிகளும் துறைமுகங்களும் மாளிகைகளும் எழுந்தன. அவற்றைக் கட்டவும் அந்த வீடுகளில் பணிபுரியவும் ஆட்கள் தேவைப்பட்டனர். எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து இலங்கையர் அங்கே செல்லத் தொடங்கினர். அவர்கள் அனுப்பிய பணம் நாட்டின் முக்கிய வருவாய்களில் ஒன்றாயிற்று. எண்ணெய்க்குக் கொடுத்த டொலரில் ஒரு பகுதியை, பிள்ளைகளைப் பிரிந்து சென்ற தாய்மாரின் உழைப்பால் மீட்டோம் என்று சொன்னால் மிகையாகாது. 1990 ஓகஸ்ட் 2இல் ஈராக் குவைத்தை ஆக்கிரமித்தபோது அவர்களும் யுத்தத்தின் நடுவே அகப்பட்டு, உடுத்த உடையோடு பாலைவனம் கடந்து திரும்பினர். பின்னர் ஐக்கிய நாடுகள் இழப்பீட்டு ஆணைக்குழு, ஈராக்கின் எண்ணெய் வருவாயிலிருந்து ஒரு பங்கை எடுத்து இத்தகைய தொழிலாளருக்கு நட்ட ஈடு வழங்கியது. யுத்தத்தின் செலவைச் சிறியவர்களுக்கும் திருப்பிக் கொடுத்த அபூர்வமான சம்பவம் அது.

பின்வந்த சாட்சியங்கள்

1973 கற்பித்த பாடம் பலமுறை மீண்டும் படிக்கப்பட்டது. 1979இல் ஈரானியப் புரட்சி விலையை இரண்டாந் தடவை உயர்த்தியது. 1980 முதல் 1988 வரை ஈரானும் ஈராக்கும் பொருதியபோது எண்ணெய்க் கப்பல்களே தாக்குதலுக்கு இலக்காகின. வளைகுடாவின் வாசலான ஹோர்மூஸ் நீரிணை மிக ஒடுங்கிய இடத்தில் ஏறத்தாழ 33 கிலோமீற்றர் அகலமே உடையது. 2024ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகம் பாவிக்கும் எண்ணெயில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அவ்வழியே சென்றது. சவூதி அரேபியாவும் ஐக்கிய அரபு இராச்சியமும் அதைத் தவிர்த்துத் தரைவழிக் குழாய்கள் அமைத்துள்ளன. ஆயினும் அத்தனை எண்ணெயையும் அவை சுமக்கமாட்டா.

2023 நவம்பரில் இருந்து, காசா யுத்தத்தைக் காரணங்காட்டி யேமனின் ஹூதிப் படையினர் செங்கடலில் கப்பல்களைத் தாக்கினர். பெரிய கப்பற் கம்பனிகள் மறுபடியும் நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையிலான பயணம் பத்து நாள் அளவில் நீண்டது. 2024இல் எகிப்தின் கால்வாய் வருமானம் பாதிக்கும் மேல் குறைந்தது. யுத்தத்தில் பங்குகொள்ளாத எகிப்து, தன் பக்கத்து வீட்டுத் தீயில் தன் பணப்பெட்டியை இழந்தது.

நம் நாட்டில் 2022ஆம் ஆண்டு ஏற்பட்ட நெருக்கடிக்கு மூல காரணம் நம்முடைய சொந்தக் கடன்சுமையும் அந்நியச் செலாவணி வறட்சியுமே. அந்த வேளை பார்த்து உக்ரேன் யுத்தம் மூண்டது. எண்ணெய் பீப்பாய்க்கு 100 டொலரைத் தாண்டியது. பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். எழுபதுகளின் கூப்பன் முறை கைத்தொலைபேசியில் ஏறித் திரும்பி வந்தது. அதற்குச் சற்று முன்னர், 2021 டிசெம்பரில் இன்னுமோர் உடன்பாடு செய்யப்பட்டது. ஈரானிடம் முன்பு வாங்கிய எண்ணெய்க்கு 25 கோடி டொலர் அளவில் கடன் இருந்தது. அமெரிக்கத் தடைகளால் டொலரில் கட்டுவது கடினமாகையால், தேயிலையாக அனுப்பிக் கட்டுவதென்று முடிவாயிற்று. எண்ணெய் நெருக்கடியில் பசித்த மலையகத்தின் கொழுந்தே எண்ணெய்க் கடனை அடைக்கவும் போயிற்று.

நாம் கொள்ளவேண்டியவை

முதலாவது, தூரத்து யுத்தத்தை விளையாட்டுப் போட்டி போலப் பார்த்துப் பக்கம் பிரிந்து ஆரவாரிக்காதிருப்போம். அதன் செலவுச் சீட்டு நம் பெயருக்கும் வரும்.

இரண்டாவது, ஒரு யுத்தச் செய்தியைப் படிக்கும்போது மூன்று காரியங்களைத் தேடுங்கள். பொருட்கள் செல்லும் எந்தக் குறுகிய வழி அதன் அருகே இருக்கிறது? இருப்பு உள்ளவர் யார், இல்லாதவர் யார்? பேச்சுவார்த்தை மேசையில் இடம் கிடைக்காதவர் யார்? இந்த மூன்றுக்கும் விடை கண்டால் அடுத்த மாத விலைவாசி ஓரளவு புலப்படும்.

மூன்றாவது, தடையும் தட்டுப்பாடும் தீர்மானம் எடுப்பவனை விட்டுவிட்டு வேறொருவனைப் பிடிக்கின்றன. இது நம் குடாநாட்டு மக்களுக்குப் புதிதன்று. 1990இன் பின் எரிபொருள் தடைசெய்யப்பட்ட காலத்தில், ஜாம் போத்தலில் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் இட்டு ஏற்றிய விளக்கில் படித்த பிள்ளைகள் இன்று பெற்றோராக இருக்கிறார்கள். அந்த விளக்கின் நினைவு நம்மிடம் இருக்கும்வரை, காசாவிலோ யேமனிலோ உக்ரேனிலோ இருளில் இருக்கும் ஒரு வீட்டை நாம் அந்நியமாக எண்ணக்கூடாது.

நான்காவது, வீட்டளவிலும் ஊரளவிலும் இருப்பும் சிக்கனமும் பழகுவோம். வெயிலுக்குக் குறைவில்லாத நாடு நமது. சூரிய ஒளியிலிருந்து பெறும் மின்சாரத்துக்கு எந்த நீரிணையையும் கடக்கவேண்டியதில்லை.

குடும்பத்தில் கலந்துரையாட:

1. 1973 ஒக்டோபர் 16ஆம் திகதித் தீர்மானத்துக்கும் 17ஆம் திகதித் தீர்மானத்துக்கும் உள்ள வேறுபாடு என்ன? எது நீண்டகாலம் நிலைத்தது?

2. ஒன்பது போத்தல் மண்ணெண்ணெயைப் பத்து வீட்டார் நியாயமாகப் பகிர்வது எப்படி? யார் முதலில் முன்வரவேண்டும்?

3. உங்கள் வீட்டு மூத்தோரிடம் 1973, 1974ஆம் ஆண்டுகளைப் பற்றிக் கேளுங்கள். அன்று உங்கள் குடும்பத்தில் யார் குறைத்து உண்டார்?